துறப்பணம் வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்பின் ரவிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சாந்தியின் முழங்கால் தேறி வருகிறது என்று படித்ததும் மனம் ஆறியது. பெறாமகள் தாதியர் படிப்பை முடித்துவிட்டாள் என்ற பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றார். இங்கே எல்லோரும் சுகம். ராணி வேலையைக் குறைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறாள்.

உறைந்த ஏரியில் மீன்பிடிக்க எந்த ஓகர், அதாவது பனிக்கட்டியைத் துளைக்கும் துறப்பணம், வாங்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்ததற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா தருவதாகச் சொல்லும் அந்தப் பழைய பெற்றோல் ஓகரை வாங்காதே. அவர் மனம் நோகாமல் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடு.

ஓகர் என்று எழுதும்போதெல்லாம் எனக்குப் பாசையூர்க் கரைதான் கண்ணில் வருகிறது. வள்ளம் கட்டும் தச்சர் துறப்பணத்தின் கயிற்றை இழுக்க இழுக்க, மரத்தூள் சுருள் சுருளாக வெளியே வருவதை நாம் இருவரும் குந்தியிருந்து பார்ப்போமே, அதே வேலைதான் இதுவும். மரத்துக்குப் பதில் பனிக்கட்டி, கயிற்றுக்குப் பதில் இயந்திரம்.

பாரிக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் உன் அயலவரிடம் இருப்பதைப் போன்ற ஒன்றைத்தான் நானும் வாங்கினேன். எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் இயந்திரம், 30 இறாத்தல் இருக்கும். கோடை முழுவதும் தாங்கியில் கிடந்த பெற்றோல் பிசினாகி கார்புரேற்றரை அடைத்துவிட்டது. விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்போல ஆகிவிடும். ஆனால் நான் அதை வெறுத்ததற்குக் காரணம் அதுவல்ல. அவ்வளவு பாரத்தைத் தூக்கி இரண்டு துளை போட்டுவிட்டால், மீன் கொத்தினாலும் கொத்தாவிட்டாலும் அந்த இரண்டையும் விட்டு நகர மனம் வராது. மஞ்சள் பேர்ச் கூட்டமாகத் திரியும் மீன். நூறு அடி தள்ளிப் போய்விட்டால், நாம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்றை உனக்கு இதுவரை எழுதவில்லை. ஒரு ஜனவரிக் காலை எங்கள் சிம்கோ ஏரியின் கெம்பன்பெல்ட் குடாவில் கரையோரமாக ஒரு துளை போட்டுப் பார்த்தேன். 6 அங்குலம். தெளிந்த பனிக்கட்டியில் 4 அங்குலம் இருந்தாலே ஆள் நடக்கலாம் என்பதுதான் கணக்கு. போதும் என்று ஓகரைச் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு நடந்தேன். வழியில் வெடிப்பொன்று ஓடியிருந்த இடத்தில் நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கட்டை அவிழ்த்து ஓகரை இறக்க அலுப்பாக இருந்தது. கையில் இருந்த அலவாங்கால் முன்னே குத்தினேன். இரண்டாவது குத்தில் கம்பி உள்ளே இறங்கித் தண்ணீர் மேலே வந்தது. அங்கே 2 அங்குலம்கூட இல்லை. குப்புறப் படுத்து, வந்த சுவட்டிலேயே ஊர்ந்து திரும்பினேன். ராணிக்கு இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

அதற்குப் பிறகு ஓகர் என்றால் நான் முதலில் பார்ப்பது எடை. எத்தனை வினாடியில் துளைக்கும் என்று கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். பதினைந்தாவது துளையையும் சலிக்காமல் போடுவேனா என்பதுதான் என் கேள்வி. மீனைத் தேடுவதும் துளை போட்டுத்தான், கால் வைக்கும் இடத்தை நம்புவதும் துளை போட்டுத்தான். 2024 தொடக்கத்தில் சிம்கோ ஏரி ஒழுங்காக உறையவே இல்லை. அப்படியான வருடங்களில் பத்தடிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பது தச்சுவேலைக்கு வாங்கிய 18 வோல்ற் பற்றரித் துளைகருவியும், அதில் பொருத்தும் 6 அங்குலத் துறப்பணமும். துறப்பணம் மட்டும் 5 இறாத்தலுக்குள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். நல்ல பனிக்கட்டியில் இறங்கும்போது பார்க்க வேண்டும் ரவி. உலர்ந்த வெள்ளைத் துருவல், தேங்காய்ப்பூ மாதிரி, துளையைச் சுற்றிக் குவியும். பிறகு சத்தம் சற்றுத் தடிக்கும், துருவல் ஈரமாகும், கை ஒரு கணம் முன்னே இழுபடும். தண்ணீர் குபுக்கென்று மேலே வரும். மிதக்கும் பனிக்கூழை, வடை அரித்தெடுக்கும் கண்ணகப்பை போன்ற ஒன்றால் அள்ளி எறிந்தால், கீழே கரும்பச்சை இருட்டு.

ஆனால் என்னைப் பார்த்து நீ அதை வாங்கிவிடாதே. எங்கள் ஏரியில் நல்ல குளிர்காலத்திலும் ஒன்றரை அடியளவுதான். உங்கள் வின்னிபெக் ஏரியில் மார்ச் மாதத்துக்குள் ஒரு மீட்டரை எட்டிவிடும். துளையின் அகலம் கொஞ்சம் கூடினால் வேலை எவ்வளவு கூடுகிறது என்று தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் தடிப்பில் 6 அங்குலத் துளைக்கு ஏறக்குறைய 17 கிலோ பனிக்கட்டியை அரைத்து வெளியேற்ற வேண்டும். 8 அங்குலத்துக்கு 30 கிலோ, 10 அங்குலத்துக்கு 46 கிலோ. தச்சுத் துளைகருவியை வைத்து நாள் முழுவதும் இதைச் செய்தால் மோட்டார் சூடேறும், பற்றரி மதியத்துக்கு முன்பே படுத்துவிடும்.

உங்கள் ஏரியில் பெரிய மீனுக்கென்று 10 அங்குலம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பிக்கரல் என்று சொல்லும் வால்ஐ மீனுக்கு 8 அங்குலம் தாராளம். அதனால் உனக்கு என் யோசனை 40 வோல்ற் பற்றரியில் ஓடும் 8 அங்குல ஓகர். 20 இறாத்தல் அளவில் இருக்கும். உன் தோளில் சத்திரசிகிச்சை நடந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை என்பதை நான் மறக்கவில்லை. கயிறு இழுக்கத் தேவையில்லை, விசையை அழுத்தினால் போதும். பின்னோக்கிச் சுழல்வதும் இருக்கிறதா என்று பார். துளைக்குள் தேங்கும் கூழைக் கீழே தள்ளிவிட அது நல்ல உதவி. நீட்டுத் தண்டு ஒன்றையும் அப்போதே வாங்கிவிடு. பெப்ரவரி கடைசியில் ஓகர் முழுவதும் இறங்கியும் தண்ணீர் வராமல் நிற்பதைப்போல வெறுப்பான விடயம் வேறில்லை.

ஓகரின் நுனியில் வெட்டும் அலகில் இரண்டு வகை. சவரக்கத்தி மாதிரி வழித்துக்கொண்டு போவது ஒன்று. புதுப் பனிக்கட்டியில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், ஆனால் ஒரு துளி மணல் பட்டாலே மழுங்கிவிடும். மற்றது பல் வைத்தது. கொஞ்சம் அதிர்வு இருக்கும், ஆனால் நேற்றுப் போட்டு இரவில் மூடிக்கொண்ட துளையை மறுபடி திறக்க அதுதான் சரி. உனக்குப் பனிக்கட்டியின் மேல் குடில் போட்டு அதே துளைகளுக்குத் திரும்பி வரும் யோசனை இருப்பதால் பல் அலகையே எடு. எதை வாங்கினாலும் நிலத்தில் ஊன்றி வைக்காதே. பனி ஒட்டிக்கொண்டால் பனிக்கட்டியில் தட்டி உதறாதே. துளை முடிந்ததும் தூக்கிப் பிடித்து ஒரு கணம் சுழற்றினால் தண்ணீர் தெறித்துப் போய்விடும். அப்படிச் செய்யாவிட்டால் அலகில் உறைந்து, அடுத்த துளையில் வழுக்கும்.

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடி. பக்கப்பிடியை மாட்டாமல் அவசரத்தில் ஒரு நாள் துளைத்தேன். அலகு நடுவில் சிக்கியதும் கருவி முழுவதும் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிட்டது. ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தேன்.

பற்றரியை மட்டும் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள். −30 பாகையில் லிதியம் பற்றரி பாதி உயிரோடுதான் இருக்கும். குளிர் உள்ளே புகாத பெட்டி ஒன்றில் சுடுநீர்ப் போத்தலோடு வைத்துக்கொண்டு போ, துளைக்கும்போது மட்டும் மாட்டு. வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்தபடியே மின்னேற்றாதே. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே லிதியம் படிந்து பற்றரி கெட்டுவிடும். இரவு முழுவதும் வீட்டுக்குள் இருக்கட்டும், காலையில் போடு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஏரியின் கிம்லி கரையில் இன்னும் பனிக்கட்டிக்கு அடியில் வலை விடுகிறார்களாமே, நீ பார்த்தாயா? ஒரு துளைக்குள் ஜிகர் என்ற பலகையை இறக்கி, கயிற்றை இழுத்து இழுத்து அதை அடியிலேயே நகர்த்திக் கொண்டுபோய், இன்னொரு துளையில் கயிற்றை வெளியே எடுத்து வலையைக் கோப்பார்களாம். கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதை நேரில் பார்க்காமல் கண் மூட விருப்பமில்லை.

பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை மானிற்றோபாவில் உங்களுக்கு லூயி ரியல் நாள், எங்களுக்குக் குடும்ப நாள். இரண்டு பேருக்கும் ஒரே விடுமுறை. அந்த வார இறுதிக்கு நானும் ராணியும் வரலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மீன் பிடிபட்டால் சாந்தி கையால் புளி விட்டுக் குழம்பு வேண்டும், மிளகாய்த்தூள் ராணி இடித்துக்கொண்டு வருகிறாள். அதற்குள் ஓகரை வாங்கி, கரையோரமாக முதல் துளையைப் போட்டுவிட்டு, எத்தனை அங்குலம் இருந்தது என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
குமார்
பாரி, ஒன்ராறியோ