இன்னும் வளர்வானா என்று கேட்கும் பெற்றோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாய் கேட்டிருந்தார்: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் 156 செ.மீ. உயரந்தான் இருக்கிறான், இனிமேல் வளர்வானா? பால், முட்டை, பயறு கொடுங்கள், ஓடியாடி விளையாட விடுங்கள் என்று நான்கே வரியில் பதில் முடிந்துவிட்டது. சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் அந்தத் தாயின் கவலைக்கு அது போதாது. விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பையன் காதில் விழுந்துவிடக் கூடாதென்று மைதானத்து ஓரத்துக்கு என்னை அழைத்துப்போய் இதே கேள்வியைக் கேட்ட அப்பாக்கள் பல பேர்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வேலை இருக்கும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 170 செ.மீ. இருக்க வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தேறக்கூடிய உடம்பும் இருந்து, அளவுகோலின் கீழே ஒரு சென்டிமீட்டரில் திரும்பி வந்த இளைஞர்களை ஒவ்வொரு ஊரிலும் காட்டலாம். அதனால் பெற்றோர் கவலைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். கவலைப்படும் விதத்தைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன்.

வயதை மட்டும் வைத்துப் பார்ப்பதுதான் முதல் கோளாறு. ஆண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலும் தொடங்கலாம், 14 வயதிலும் தொடங்கலாம். இரண்டுமே இயல்புதான். ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அரும்பு மீசைக்காரனும் குழந்தை முகக்காரனும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். முன்னவன் அப்போதைக்கு ஒரு சாண் உயரமாக இருப்பான். ஆனால் அவன் சீக்கிரமே நின்றும் விடுவான். பருவ மாற்றம் தொடங்கும் முன் பிள்ளைகள் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். ஆண் பிள்ளைகளின் வேகமான வளர்ச்சி சராசரியாக 14 வயதையொட்டி வரும். அந்த ஓராண்டில் 9, 10 செ.மீ.கூட ஏறிவிடும். அதற்குச் சற்று முன்பு வளர்ச்சி மந்தமாகும் காலம் ஒன்று உண்டு. பருவம் தாமதமாகும் பிள்ளைகளுக்கு இந்த மந்தம் இன்னும் நீளும். பெற்றோர் கலங்கிப்போவதும் இந்தச் சமயத்தில்தான்.

என்னிடம் படித்த ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் காலை வழிபாட்டு வரிசையில் முதல் ஆளாகவே நின்றான். உயர வரிசை என்பதால் இடம் மாறவே இல்லை. கபடிக்குப் பெயர் கொடுக்கக் கூச்சப்பட்டு வரமாட்டான். பதினொன்றாம் வகுப்பில் சேர வந்தபோது காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அடிமடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருந்தார்கள். மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத நீலப் பட்டை தனியாகத் தெரிந்தது. அதற்கு முன்பே அவனுக்குச் செருப்பு போதாமல் போனதாக அவன் அம்மா சொன்னார். அது சரிதான். முதலில் பாதம் வளரும், பிறகு கால்கள், கடைசியாகத்தான் உடல் நீளும். செருப்பளவு அடிக்கடி மாறினால் வளர்ச்சி புறப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அதனால் அந்தத் தாய்க்கு நான் சொல்வது இது: 156 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பு எவ்வளவு, ஓராண்டுக்கு முன்பு எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடை இருக்காது, எழுதி வைத்திருக்கமாட்டார்கள். பிரான்சில் மோன்பெய்யார் என்ற பிரபு 1759இல் பிறந்த தன் மகனை 18 வயது வரை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து குறித்து வைத்தார். இயற்கை ஆய்வாளர் புஃபோன் அதைத் தன் நூலில் சேர்த்து வெளியிட்டார். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்த மிகப் பழைய குறிப்பு என்று இன்றும் மருத்துவப் பாடநூல்கள் காட்டுவது ஒரு தகப்பன் எழுதிய அந்தக் கணக்கைத்தான்.

அளப்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். செருப்பில்லாமல், குதிகால், புட்டம், தோள்பட்டை சுவரில் படும்படி நிற்க வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும், மோவாயைத் தூக்கக் கூடாது. கெட்டி அட்டை போட்ட புத்தகத்தின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க, தலைமேல் மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். எப்போதும் ஒரே வேளையில் அளங்கள். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் குறையக்கூடும், முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்குவதால். கம்பியில் தொங்கினால் வளரலாம் என்ற நம்பிக்கைக்கும் இதுதான் காரணம். தொங்கியவுடன் சற்று நீளும், நடமாடியதும் பழையபடி ஆகிவிடும். தொங்குவது தோளுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி, தாராளமாகச் செய்யட்டும். உயரத்துக்கென்று நம்பிச் செய்ய வேண்டாம்.

முடிவான உயரத்தை உத்தேசமாகக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, மகனென்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 154 என்றால் 167.5 வரும். இதை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. மேலும் கீழும் எட்டரை செ.மீ. இடம் விட வேண்டும். அதாவது 159 முதல் 176 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். காவலர் தேர்வின் 170 இதற்கு நடுவே இருப்பதைக் கவனியுங்கள். எங்கள் கரிசல் காட்டு ஊர்களில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரை வயிற்றோடு வளர்ந்த அப்பாவின் உயரம் அவருடைய மரபு தந்திருக்கக்கூடிய முழு உயரம் ஆகாது. பள்ளியில் சத்துணவும் முட்டையும் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்த மகன் அந்தக் கணக்கைத் தாண்டிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

எப்போது மருத்துவரிடம் போவது? ஓராண்டில் 4 செ.மீ.கூட வளராத சிறுவன், 14 வயது முடிந்தும் பருவ மாற்றத்தின் அறிகுறி தெரியாதவன், வகுப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கிக்கொண்டே போகிறவன், இவர்களைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். தைராய்டு குறை, குடல் சத்தை உறிஞ்சாத நோய், வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று காரணங்கள் பல, சிகிச்சையும் உண்டு. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பின் வயது தெரியும். பையனுக்கு 15 என்றாலும் எலும்புக்கு 13 என்றிருந்தால் வளர இன்னும் காலம் இருக்கிறது. எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டால் எந்த மருந்தாலும் திறக்க முடியாது. கேள்வி கேட்டிருந்த அம்மா கையோடு கொண்டுபோக வேண்டியது பழைய அளவுகள் எழுதிய தாள் ஒன்றுதான். மருத்துவர் முதலில் கேட்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

அதுவரை வீட்டில் ஒரு காரியம் நிற்க வேண்டும். விசேஷ வீடுகளில் சித்தி மகனையும் பெரியப்பா மகனையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்திப் பார்க்கிறோமே, அது வேண்டாம். பாசத்தில் செய்வதுதான் என்று எனக்கும் தெரியும். அப்படி நின்ற பையன்கள் மறுநாள் மைதானத்தில் கூன் போட்டு நடப்பதைக் கண்டு என் மனம் வெந்திருக்கிறது. "குட்டையா இருக்கானே" என்று சொல்லும் பெரியவர்களை அந்த இடத்திலேயே தடுக்கும் உரிமை தாய் தகப்பனுக்கு உண்டு.

இனி உங்களிடமே ஒரு முறையீடு. அந்தக் கேள்வி-பதில் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், மூன்றே மாதத்தில் உயரத்தைக் கூட்டித் தருவதாக ஒரு மாத்திரையின் விளம்பரம் வந்திருக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954இல் வந்தது. எந்தெந்தக் குறைகளுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாதோ அவற்றின் அட்டவணையில் மனிதரின் உயரமும் இருக்கிறது. அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பவருக்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் உணவுப் பொருளை விட்டுவிடுகிறது என்பதால் சிலர் பொடியைச் சத்துணவு என்று சொல்லி விற்கிறார்கள். அதற்கும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. இவற்றைவிட மோசமானவை, உடம்பு ஏறவும் உயரம் கூடவும் என்று யாரோ போட்டுவிடும் ஸ்டீராய்டு ஊசிகள். ஆண்மை ஹார்மோன் வகை ஊசி வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடி, பையனுக்கு மிச்சமிருந்த வளர்ச்சியையும் பறித்துவிடும்.

கூலி வேலை செய்யும் தாய் மகனுக்காகச் சேர்த்த பணம் முட்டைக்கும் பயறுக்கும் போக வேண்டியது. அது அந்த மாத்திரைக்குப் போக உங்கள் பக்கம் வழிகாட்டக் கூடாது. அடுத்த இதழிலிருந்து அந்த விளம்பரத்தை நிறுத்துங்கள். அந்த இடத்தில், இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட 5 முதல் 18 வயது வரைக்கான வளர்ச்சி அட்டவணையை ஒரு முறையாவது தமிழில் அச்சிட்டுத் தாருங்கள்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்