முந்நீர் நடுவே ஐந்து நாள்

செம்பூர், மும்பை
பிப்ரவரி 11

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் நாங்கள் கப்பலில் இருந்தபோதே வந்து கதவடியில் கிடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் எடுத்து வைத்திருந்தாள். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்கவே மனசு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. அவர் வேண்டாம் என்றாலும் விடு.

"ஐந்து நாள் கப்பலில் என்னடி செய்வீர்கள், அலுத்துப்போகாதா" என்று கேட்டிருந்தாய். அலுக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த புதிதில், லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் என்னை பாவுச்சா தக்காவுக்குக் கூட்டிப்போவார். கோவா போகும் கப்பல் காலையில் அங்கிருந்துதான் புறப்படும். ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஏறுவதையும், கயிறு அவிழ்ப்பதையும், கப்பல் சின்னதாகிப் போவதையும் பார்த்துவிட்டு இருவரும் டீ குடித்துத் திரும்புவோம். "அடுத்த வருஷம் நாமும் போவோம்" என்பார். அப்புறம் பெரியவன் பிறந்தான், சின்னவள் பிறந்தாள், அத்தை படுத்த படுக்கையானார்கள், அந்தக் கப்பலும் ஒருநாள் நின்றுபோனது. நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் மறக்கவில்லை என்பது போன நவம்பரில்தான் தெரிந்தது. லட்சத்தீவு சுற்றுலாத் துறையின் 'சமுத்ரம்' பயணத்துக்கு இரண்டு டிக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

அவருடைய வேலை உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் மாநகராட்சித் தண்ணீர் இலாகாவில் சாவிவாலா. ஆள் உயர இரும்புச் சாவியை ரோட்டுக்கு அடியில் இருக்கும் வால்வில் மாட்டித் திருகினால்தான் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரும். அவர் பத்து நிமிஷம் தாமதித்தால் அத்தனை வீடும் காலிக் குடத்தோடு நிற்கும். தாராவியில் அப்போது நாங்கள் இருந்த சாலில், அதாவது வரிசை வீட்டில், காலை நாலரைக்குக் குழாய் வரும் என்றால், நான் வரிசையில் நிற்கும்போது அவர் வேறொரு தெருவில் சாவியோடு நிற்பார். ரிட்டையர் ஆன பிறகும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

குர்லாவிலிருந்து நேத்ராவதி ரயில், எர்ணாகுளத்தில் இறங்கி, கொச்சித் துறைமுகம் இருக்கும் வில்லிங்டன் தீவு. கப்பல் பெயர் எம்.வி. கவரத்தி. விசாகப்பட்டினத்தில் கட்டியது, 700 பேர் ஏறலாம். ராத்திரியெல்லாம் கடலில் போகும், பகலில் ஒரு தீவில் இறக்கிவிடும், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொள்ளும். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவு. நீச்சல் குளம், நாட்டியம், விருந்து என்று விளம்பரத்தில் வருகிற சொகுசுக் கப்பல் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஏனென்றால் அது தீவுக்காரர்களுடைய கப்பல். நமக்கு மினி பஸ் மாதிரி அவர்களுக்கு அது. எங்கள் அறைக்குக் கீழே உள்ள தளத்தில், கொச்சி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு கவரத்திப் பெண்ணைப் பார்த்தேன். காய்கறிச் சாக்கு, வாழைக்குலை, புது மின்விசிறி எல்லாம் அவளைச் சுற்றி இருந்தன. அவர்கள் பேசுவது ஜெசரி என்ற ஒருவகை மலையாளம். மெதுவாகப் பேசினால் பாதிக்கு மேல் நமக்குப் புரியும். அவள் எனக்கு எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்து முகர்ந்துகொண்டே இருக்கச் சொன்னாள். முதல் ராத்திரி எனக்கு மூன்று தடவை வாந்தி. இவர் தூங்காமல் முதுகைத் தடவிவிட்டார்.

நாலு மணிக்கு இருவருக்கும் வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. மேல்தளத்துக்குப் போனோம். நல்ல இருட்டு. நட்சத்திரம் இவ்வளவு இருக்கும் என்பதே நாற்பது வருஷத்தில் மறந்துபோயிருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை" என்றார். குரலில் வருத்தம் இல்லை, ஜெயா. பாரத்தை இறக்கி வைத்தவர் பேசுவதுபோல இருந்தது. விடிகிற வரை அங்கேயே நின்றோம். பறவைக் கோலா மீன் கூட்டமாகத் தண்ணீரை விட்டு எழும்பிப் பறந்தது. சின்ன வயதில் உன் அப்பாவுடைய வள்ளத்தில் போய்ப் பார்த்ததற்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

கவரத்தியில் எல்லோரும் கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகில் மீன் பார்க்கப் போனார்கள். இவர் முதலில் கேட்டது, "இங்கே குடிக்கத் தண்ணீர் எப்படி?" என்று. கூட வந்த தீவுப் பையன் ஒரு வீட்டுப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் கிணற்றைக் காட்டினான். ஆழமே இல்லை. கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பவளம் உடைந்து உண்டான மணல்தான் தீவு முழுக்க. பெய்கிற மழை அந்த மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் ஒரு பாளம்போல மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மிதக்கும். மோட்டார் போட்டு வேகமாக இழுத்தால் அந்தப் பாளம் மெலிந்து அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஏறிவிட்டால் அது சரியாக அடுத்தடுத்த மழை வேண்டும். கவரத்தி சுமார் நான்கு சதுர கிலோமீட்டர். தாராவி மாதிரி இரண்டு, அவ்வளவுதான். அதில் 2011 கணக்குப்படி 11,000 பேருக்கு மேல். மும்பைக்கு வெகு தொலைவிலிருந்தெல்லாம் தான்சா, பாட்சா, வைதரணா என்று ஏழு ஏரித் தண்ணீர் குழாயில் வருகிறது. அதைத் திறந்து மூடிய மனுஷர் அந்தக் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் இருந்தார்.

அப்புறம் அந்தப் பையன் கடற்கரையில் ஒரு கட்டிடத்தைக் காட்டினான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. செய்தது யார் தெரியுமா, நம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். 2005இல் இருந்து ஓடுகிறது, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். எப்படி என்று இவர் எனக்கு விளக்கினார். குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலே போய்த்தான் கொதிக்கும் இல்லையா, இது அதற்கு நேர் எதிர். காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், 28 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கும் மேல்மட்டக் கடல்நீரே ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்க, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து சில்லென்ற நீரைக் குழாயில் இழுக்கிறார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் அவ்வளவு ஆழமாகிவிடுவதால்தான் இது அங்கே முடிகிறது. உப்பு அடியிலேயே நின்றுவிடும். வெளிச்சுவர்ப் பக்கம் அரை மணி நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் நின்றேன். படகை விட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய வேலையைப் பற்றி அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமும் அசதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

கல்பேனியில் இறங்குவதுதான் சிரமம். கப்பல் பவளத் திட்டுக்கு வெளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் படகுக்குள் நாம் கால் வைக்க வேண்டும். இரண்டு பேர் தோளைப் பிடித்து, அலை மேலே வரும் நேரம் பார்த்து "இப்போ" என்பார்கள். முழங்கால் வலி இருந்தால் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தத் தீவின் கிழக்குக் கரையில் பவளக் கற்கள் பெரிய மேடாகக் குவிந்து கிடக்கின்றன. 1847இல் அடித்த புயலில் கடல் தூக்கிப் போட்டவையாம். மேற்கே திட்டுக்குள் தண்ணீர் கண்ணாடிபோல, இடுப்பளவு. மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, முகத்தில் கண்ணாடி போட்டு என்னையும் இறக்கிவிட்டார்கள். அறுபத்து மூன்று வயதில் கடலுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன், ஜெயா. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் என் விரல் பக்கத்தில் வந்து போயின.

ஆனால் பல இடங்களில் பவளம் வெறும் சாம்பல் நிறம். 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய வருஷங்களில் வெளுத்துப்போனவை. பவளத்துக்கு நிறமும் சாப்பாடும் கொடுப்பது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசிகள். சூடு தாங்காமல் அவற்றைத் துப்பிவிட்டால் வெள்ளையாகிவிடும், சூடு சீக்கிரம் தணியாவிட்டால் செத்துவிடும். எனக்கு நம் தூத்துக்குடிச் சுண்ணாம்புக் காளவாய்கள்தான் ஞாபகம் வந்தன. வள்ளம் வள்ளமாகப் பவளக் கல் வந்து இறங்குமே. அதில் கட்டிய சுவரில்தானே நீயும் நானும் கரிக்கோடு போட்டு விளையாடினோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன, கல் எடுத்ததும் ஒரு காரணம். அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று ராத்திரி வெகுநேரம் இவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

மினிக்காய் வேறு ஓர் உலகம். மற்ற தீவுகளை விட்டு வெகு தெற்கே தனியாக இருக்கிறது. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி மாலத்தீவு வந்துவிடும். பேச்சும் அந்தப் பக்கத்து மஹல் மொழி, எழுத்து வலமிருந்து இடம். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் இவர் ஏறினார், நான் கீழே தென்னை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் அந்த வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன், மாசிக் கருவாடு! என் அம்மா உரலில் இடிக்கும் அதே வாசனை. நம் வீட்டில் தேங்காய், சின்ன வெங்காயம், மிளகாய் வற்றலோடு மாசிச் சம்பல் இல்லாத மழைநாள் உண்டா? அது அங்கிருந்து வருகிற பண்டம் என்பதை இத்தனை வயதுக்கு அப்புறம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சூரை மீனை வலை போடாமல் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். உயிருள்ள பொடி மீனைத் தண்ணீரில் இறைத்துச் சூரைக் கூட்டத்தை மேலே வரவைத்து, முள் இல்லாத கொக்கியில் சுண்டி இழுத்துப் படகுக்குள் எறிவார்களாம். பிறகு வேகவைத்து, தேங்காய் மட்டைப் புகையில் போட்டு, வெயிலில் கட்டைபோலக் காய வைக்கிறார்கள். ஒரு வீட்டு அம்மா, என்னை விடப் பத்து வயது மூத்தவர், ஒரு துண்டைச் செதுக்கி என் வாயில் போட்டார். பாஷை தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

கடைசி ராத்திரி மேல்தளத்தில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. நீ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது சொல்வாயே, ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று வரும், அது மாலத்தீவுப் பக்கம்தான் என்று. முந்நீர் என்றால் கடல், அந்தப் பெயருக்கு நீ சொன்ன அர்த்தமும் எனக்கு நினைவிருந்தது: ஆற்று நீர், ஊற்று நீர், மழை நீர். அதை இவரிடம் சொன்னேன். "அந்தத் தீவுகளில் ஆறு இல்லையே. மழையும் ஊற்றும் மட்டும்தான். அதுவும் கைப்பிடி அளவு" என்றார். சோழன் கப்பல் போனபோதும் அந்தக் கிணறுகளில் இப்படித்தான் தண்ணீர் இருந்திருக்குமா? நீ படித்தவள், யோசித்து எழுது.

வந்து மூன்று வாரம் ஆகிறது. இவர் இப்போதும் நாலு மணிக்குத்தான் எழுகிறார். ஆனால் என்னையும் எழுப்பி, டீ போட்டுக் கொடுத்து, பால்கனியில் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். நான் எழுந்திருக்கிறேன்.

அண்ணனுக்குக் கண் தெளிந்ததும் நீங்கள் இருவரும் போய் வாருங்கள். தள்ளிப் போடாதே. மழைக்காலத்தில் சுற்றுலா கிடையாது, அக்டோபருக்கு மேல் பார். அனுமதிச் சீட்டுக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள், அதை முதலில் வாங்கிவிடு. உன் வலது முழங்காலுக்கு இப்போதிருந்தே எண்ணெய் தேய்த்து நடந்து பழகு. எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள். கரையில் கிடக்கும் பவளத் துண்டு ஒன்றைக்கூடப் பையில் போடாதே, சட்டப்படிக் குற்றம். அதோடு அது அந்த மணலுக்குச் சொந்தம்.

அரைக் கிலோ மாசி வாங்கி வந்தேன். பாதியை உனக்குத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். என் தம்பி மகன் பொங்கல் லீவு முடிந்து வந்தவன், அடுத்த வாரம் மறுபடி தூத்துக்குடி வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். ஈரம் படாத டப்பாவில் போடு. உன் மருமகளுக்கு அந்த வாசனை ஆகாது என்றாயே, மூடியை இறுக்கி மூடு.

அண்ணனுக்கு என் நமஸ்காரம். பதில் போடு.

உன்
செல்வி