அது றஃப்ட் கிறவுஸ் இல்லை

அன்புள்ள மகளுக்கு,

படம் கிடைத்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். படமாவது வந்ததே என்கிறா அம்மா.

படத்தில் நிற்கிற காட்டுக்கோழியை நீ றஃப்ட் கிறவுஸ் என்று நினைத்திருப்பாய். அது றஃப்ட் கிறவுஸ் இல்லை, அதன் இனத்து இன்னொரு காட்டுக்கோழி, ஸ்புறூஸ் கிறவுஸ் சேவல். தொண்டையும் நெஞ்சும் கறுப்பு, ஓரத்தில் வெள்ளை, கண்ணுக்கு மேலே சிவப்புச் சதை. வால் கறுப்பு, நுனியில் மட்டும் செம்பழுப்புப் பட்டை. றஃப்டுக்கு இது மாறி இருக்கும்: கறுப்புப் பட்டை வால் நுனிக்குச் சற்று உள்ளே ஓடும். நடு இறகுகளில் அந்தப் பட்டை விட்டிருந்தால் அநேகமாகப் பேடு. றஃப்டுக்குத் தலையில் கொண்டை, கழுத்தின் இரண்டு பக்கமும் கறுத்த இறகுக் கற்றை. வால் தெரியாமல் படம் எடுத்தால் பாதி விசயம் போச்சு. நீ எடுத்தது நல்ல படம், அதையும் சொல்லவேண்டும்.

பின்னால் நிற்பது ஜக் பைன் என்கிற ஊசியிலை மரம். ஸ்புறூஸ் கிறவுஸ் அந்த மாதிரி ஊசியிலைக் காட்டில்தான் இருக்கும். குளிர்காலம் முழுக்க ஊசியிலைதான் சாப்பாடு; அதைச் செரிக்க இரைப்பையும் குடலும் பெருத்துவிடும். றஃப்ட் பார்க்க விருப்பமென்றால், வெட்டின காடு திரும்ப முளைக்கிற இடத்தில் இள அஸ்பென் மரங்களுக்குள் தேடு. ஆனால் தனியாகப் போகாதே. படத்தில் ஒரு நிழல்தான் விழுந்திருக்கிறது. சுதன் வரவில்லையா?

ஸ்புறூஸ் கிறவுஸ் ஆளைக் கண்டு பறக்காது. அசையாமல் சத்தம் போடாமல் நின்றால் ஒருவருக்கும் தெரியாது என்று அதற்கு ஒரு நினைப்பு. பருந்திடம் அது சரிவரும், துவக்குக்காரனிடம் சரிவராது. காலையிலும் பின்னேரத்திலும் கிறவல் றோட்டில் சிறுகல் பொறுக்க வரும், கார் வந்தாலும் விலகாது. மெதுவாக ஓடு. மூஸ் மான் வேறு நிற்கும். இருட்டின பிறகு ஓடவே வேண்டாம்.

குளிர்காலத்தில் றஃப்ட் பனிக்குள் படுக்கும். புதுப்பனி பொலபொலவென்று ஓர் அடிக்குக் கிட்ட இருந்தால், பறந்து வந்து தலைகீழாக உள்ளே விழுந்து, கொஞ்சத் தூரம் துளைத்துக்கொண்டு போய்க் கிடக்கும். வெளியே −30 என்றாலும் உள்ளே அந்தக் குளிர் இல்லை. பனியில் நடக்க விரலோரங்களில் சீப்புப் பல் போலச் செதில் முளைக்கும், வசந்தத்தில் உதிர்ந்துவிடும். மழை பெய்து மேல்பனி ஓடாக இறுகினால்தான் கஷ்டம். உள்ளே போக முடியாமல் மரத்திலேயே குந்தியிருக்கும். குளிரும் எடுக்கும், ஆந்தையும் எடுக்கும். அப்படி உறைமழை பெய்கிற அன்று நீ வேலைக்குப் போகாதே. காருக்கு எஞ்சினைச் சூடாக்குகிற ப்ளொக் ஹீற்றர் பூட்டியாச்சா? பனி அள்ளுகிற சவலும் போர்வையும் காருக்குள்ளேயே கிடக்கட்டும். மெதுவாக ஓடு.

செப்டம்பர், ஒக்டோபரில் றஃப்ட் குஞ்சுகள் தாயை விட்டுத் தனித்தனியே புது இடம் தேடிப் போகும். அதில் பிழையில்லை, அது அதுகளின் வழமை. அந்த நாட்களில்தான் ஜன்னலில் மோதிச் சாகிறது அதிகம். உன் முன்னறைக் கண்ணாடி பெரிசு. புள்ளி ஸ்டிக்கரை வெளிப்பக்கம், 5 செ.மீ. இடைவெளியில், முழுக் கண்ணாடிக்கும் ஒட்டவேண்டும். நடுவில் ஒரு பருந்துப் படம் ஒட்டிப் பிரயோசனமில்லை, அதற்குப் பக்கத்தால் வந்து மோதும். ஏணியை ஒருவர் பிடிக்கவேண்டும். பிடிக்க ஆளில்லையென்றால் சொல்லு, நான் பஸ் ஏறி வருகிறேன்.

வீட்டு வாடகை இப்போது யார் பெயரில் என்று அம்மா கேட்கச் சொன்னா. நான் கேட்கவில்லை. மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் நாளைக்குப் போஸ்ற் பண்ணுகிறேன், கிடைத்ததும் போன் எடு.

அப்பா