எல்லாம் கூட்டினால் நூறு

கண்ணு,

நீ அனுப்பிய குடல் பாக்டீரியா சதவீத அட்டவணையை நேற்று ராத்திரி எடுத்துவைத்துப் பார்த்தேன். "அம்மா, இது ஏறினால் அது இறங்குகிறது, ரெண்டும் ஜென்மப் பகை போல" என்று குதூகலமாக எழுதியிருந்தாய். நான் ஒவ்வொரு வரிசையையும் கூட்டினேன். எல்லாம் நூறு. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நம் வீட்டு இட்லி மாவையே எடுத்துக்கொள். 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து, 500 கிராம் தண்ணீர். அரிசி 40 சதவீதம், உளுந்து 10. கை தவறி உன் அப்பா இன்னொரு 500 கிராம் தண்ணீரை ஊற்றிவிட்டார் என்று வை. (செய்யக்கூடியவர்தான்.) அரிசி 26.7 ஆகிவிடும், உளுந்து 6.7. இரண்டையும் யாரும் அள்ளவில்லை, ஆனாலும் சேர்ந்தே குறைந்த மாதிரி தெரிகிறது. மாறாமல் இருப்பது நாலுக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும்தான்.

இதே பள்ளத்தில் நானும் விழுந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடும்பச் செலவுச் சதவீதங்களை வைத்து, சாப்பாட்டுக்கு அதிகம் செலவழிக்கிறவர்கள் படிப்புக்குக் குறைக்கிறார்கள் என்று ஒரு கருத்தரங்கில் முழங்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "எல்லாம் கூட்டினா நூறுதானேம்மா?" என்றார். ஒரு பங்கு ஏறினால் மற்றவை இறங்கித்தானே ஆக வேண்டும்! அவ்வளவுதான். மிச்ச நேரம் என்ன பேசினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

அப்புறம்தான் புள்ளியியலாளர் ஜான் எய்ச்சிசனைத் தேடிப் படித்தேன். விகிதங்களை வைத்துத் தொடர்பு பார்த்தால் பொய்த் தொடர்பு முளைக்கும் என்று இன்னொரு புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897லேயே எச்சரித்திருந்தார். 1960இல் பாறை ஆய்வாளர் ஃபெலிக்ஸ் சேயஸும் நூறுக்குள் அடைபட்ட எண்களைப் பற்றி எழுதினார். வழி காட்டியவர் எய்ச்சிசன். பங்குகளைத் தனித்தனியாகப் பார்க்காதே, ஒன்றை இன்னொன்றால் வகுத்து லாகரிதம் எடு என்றார். கட்டுரை வந்தது 1982இல், புத்தகம் 1986இல். ஸ்காட்லாந்துக்காரர். ஐம்பதைத் தாண்டி, ஹாங்காங்கில் பேராசிரியராக இருந்தபோது செய்த வேலை இது. அந்த வயதில் பலர் பழைய நோட்ஸை வைத்தே வகுப்பை ஓட்டிவிடுவார்கள்.

குறும்புக்காரரும்கூட. புத்தகத்தில் ஹாங்கைட், காங்கைட் என்று இரண்டு கற்பனைப் பாறைகள் வரும். ஒவ்வொன்றிலும் 25 மாதிரிகள், ஐந்தைந்து கனிமங்கள். பாறைப் பெயர்களைச் சேர்த்து வாசித்துப் பார். கனிமங்களின் பெயர்கள் ஏ, பி, சி, டி, இ என்றே தொடங்கும். பாதிப் புத்தகம் தாண்டித்தான் எனக்கு உறைத்தது. தனியாகச் சிரித்தேன், உன் பாட்டி பயந்துவிட்டாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரம் எத்தனை டி.என்.ஏ. துண்டுகளைப் படித்துத் தருகிறது என்பதற்கும் குடலில் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. உன்னிடம் இருப்பது பங்கு மட்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பங்குகளை அவற்றின் பெருக்கல் சராசரியால் (எல்லாவற்றையும் பெருக்கி, எத்தனை எண்களோ அத்தனையாவது மூலம் எடுத்தால் வருவது) வகுத்து, லாகரிதம் எடுத்து, மறுபடி பார். அந்தப் பகை நிற்கிறதா என்று சொல். கட்டுரையை அதற்கு முன்னால் அனுப்பிவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். உன் அட்டவணையில் பாதிக்குமேல் பூஜ்யம். பூஜ்யத்துக்கு லாகரிதம் கிடையாது. அவற்றை என்ன செய்யப் போகிறாய்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, பேசுவோம்.

அம்மா