தகாமட்சுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாட்சுமோட்டோவில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. உன் பழைய விலாசத்துக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்தது. அண்ணனிடம் கேட்டேன், தகாமட்சு விலாசத்தைக் கொடுத்தான். வேறு எதுவும் அவன் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. கடலோர ஊர், இங்கே அளவுக்குக் குளிராது. இருந்தாலும் ராத்திரி குளித்துவிட்டு ஈரத்தலையோடு படுக்காதே.

நான் தெமரி வகுப்புக்குப் போகிறேன். நம் தெருச் சாக்கடை மூடியில் வரைந்திருக்குமே, சின்ன வயதில் கால் படாமல் தாண்டிப் போவாயே, அந்த நூல் பந்துதான். எங்கள் வகுப்பில் நெல் உமியைத் தாளில் பொதிந்து, அதன்மேல் கம்பளி நூல், அதற்கும் மேல் மெல்லிய தையல் நூல் சுற்றுகிறோம். பந்தை உருட்டிக்கொண்டே சுற்ற வேண்டும். ஒரே தடத்தில் நூல் விழுந்துகொண்டிருந்தால் மேடு தட்டிவிடும். கம்பளி துளியும் தெரியாமல் மூடியபின் உச்சியில் ஒரு குண்டூசி. காகித நாடாவால் சுற்றளவு எடுத்து, பாதியாக மடித்தால் அடிமுனை கிடைக்கும், அதையும் பாதியாக மடித்தால் நடுக்கோடு. பிறகு பந்தை எட்டாகப் பிரித்து, ஜிவாரி என்கிற பிரிவுக்கோட்டு நூல் ஓட்டுவோம். எல்லாம் இதில்தான் இருக்கிறது. குண்டூசி ஒரு நூலளவு தள்ளி நின்றாலும், மேலே தைக்கிற சாமந்திப்பூக் கோலத்தின் இதழ்கள் நடுக்கோட்டில் ஏறுமாறாக வந்து நிற்கும். தைத்து மறைக்க முடியாது, எங்கள் டீச்சர் சென்செய் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

அவர் சொல்வது இப்போது எனக்கே புரிகிறது. ஆஸ்பத்திரியிலும் நகராட்சி அலுவலகத்திலும் எனக்காகப் பேசியவள் நீ. இவ்வளவு சின்னப் பெண் இப்படிப் பேசுகிறாளே என்று அந்த நர்சு என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்தப் பெருமை இன்னும் எனக்குத் தீரவில்லை. ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்லத் தெரிந்தவளுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. சரி, அதை விடு.

அந்தக் காலத்தில் ஜப்பானில் பழைய கிமோனோத் துணியையும் மிச்ச நூலையும் வைத்து அம்மாக்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். மெய்ஜி காலத்தில், நூறு வருஷத்துக்கும் முன்னால், ரப்பர் பந்து வந்ததும் விளையாட இது தேவைப்படாமல் போய்விட்டது. நீ இருக்கும் ககாவா மாநிலத்தில் பருத்தி நூலுக்குச் செடிகொடிகளிலிருந்து சாயம் ஏற்றித் தைக்கிறார்கள். சனுகி ககாரி தெமரி என்று கேட்டால் சொல்வார்கள். லீவு நாளில் போய்ப் பார்த்து, நிறம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. லீவு கொடுக்கிற வேலைதானே? சம்பளம் எல்லாம் சரியாக வருகிறதா? வராவிட்டாலும் சொல்லலாம், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

திரும்பி வந்த பருப்புப்பொடியை மறுபடி இந்த விலாசத்துக்கே அனுப்புகிறேன். ஈரத்தலையோடு மட்டும் படுக்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

அடுத்து அசநோஹா தைக்கப் போகிறேன், சணல் இலைக் கோலம். சணல் மாதிரி நேராக, சீக்கிரம் வளரட்டும் என்று இங்கே கைக்குழந்தைகளின் துணியில் போடுவார்களே, அதுதான். உனக்காகத்தான். அடர்நீலத்தின் மேல் வெள்ளையா, மஞ்சளா? எது என்று மட்டும் எழுது. எழுத நேரமில்லை என்றால் அண்ணனிடமாவது சொல்லி அனுப்பு.

அம்மா