மதர்போர்டு போச்சு என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் லேப்டாப்பில் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் மட்டும் கருப்பாகவே இருக்கிறது என்றாய். அதைப் பார்த்து ஓசூர் கடையில் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகமும் இணையும் முக்கிய போர்டு, போச்சு என்றார்களாம். பழைய லேப்டாப்பில் இந்த அறிகுறிக்கு மதர்போர்டைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்.

முதலில் சார்ஜரை எடு, பேட்டரியையும் கழற்று. பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடி. போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஆன் செய். டச்பேடு மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் குத்தாதே, அழுத்தாதே, திரும்பப் போடவும் போடாதே.

அடுத்தது ரேம், அதாவது போர்டில் சொருகியிருக்கும் மெமரி பட்டை. எனக்குச் சந்தேகமே இதன்மேல்தான். சார்ஜரை எடுத்துவிட்டு, பின்மூடியைத் திறந்து, ரேமின் இரு பக்கக் கிளிப்பையும் வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாகச் சாய்வாக எழும். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிடு. விரல் படாமல் ஓரத்தைப் பிடி. இரண்டையும் சேர்த்துப் போடாமல், ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில், அப்புறம் அதையே இரண்டாவதில் போட்டுப் பார், மற்றதையும் அப்படியே. ரேம் மாற்றியபின் சில லேப்டாப் படம் காட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஒரு நிமிடமாவது பொறு. ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் ரேம் கெட்டது. ஒரு ஸ்லாட்டில் மட்டும் எந்த ரேமும் ஓடவில்லை என்றால் ஸ்லாட் கெட்டது.

புது ரேம் வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோடு போவதாக இருந்தால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போ. லேபிளில் பிசி3எல் என்று இருந்தால் அது 1.35 வோல்ட். வெறும் பிசி3 என்பது 1.5 வோல்ட், அதைக் கொடுத்தால் வாங்காதே, 1.35 மட்டும் ஏற்கும் போர்டில் அது ஓடாது.

ரேமில் குறை இல்லை என்றால் எச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணை. டிவியில் படம் வந்தால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. மூடி கீலுக்குள் போகும் டிஸ்பிளே கேபிளையோ ஸ்கிரீனையோதான் முதலில் பார்க்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் தானாக அணைவது வேறு கோளாறு, அது சூடு. தூசி ஃபேன் இறக்கையில் மட்டும் இருக்காது. ஃபேனைக் கழற்றினால், அதற்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதை உரித்து எடு. வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளே இறுகும். பிரஷ் போடும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள். சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவில் பூசிய பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப்பின்மேல் புதிய பேஸ்ட் ஒரு அரிசி அளவு வை, போதும். ஸ்க்ரூ பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும், அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. ஒரே மூச்சில் ஒன்றை இறுக்கினால் சிப் ஓரம் உடையலாம். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் போட்டால் போர்டையே துளைத்துவிடலாம். அதனால் ஒரு காகிதத்தில் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே ஸ்க்ரூவைக் குத்தி வை.

தேதி பின்னால் போகிறது என்றாயே, அதற்கு போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும், பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர்2032. சில மாடலில் ஒயர் பிளக்கோடு வரும், பார்த்து வாங்கு.

லேப்டாப் ஆன் ஆனதும் முதல் வேலையாக உன் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் வெளி டிரைவில் நகல் எடு. பிறகு டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு 05 (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்கச் சிரமப்படும் பகுதிகள்) என்ற இரண்டு வரிகளைப் பார். 05 எண் ஏறிக்கொண்டே போனாலோ, சி5 பூஜ்ஜியத்துக்கு வராமல் நின்றாலோ, டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ அந்த ஹார்டு டிஸ்க்கை நம்பாதே. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுக்கொள்.

இத்தனையும் பார்த்தபிறகும் படம் வராவிட்டால் மூடியைப் பூட்டி வை. அடுத்த வாரம் தர்மபுரி வரும்போது சார்ஜரோடு எடுத்து வா, மல்டிமீட்டர் வைத்து போர்டைப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா