மூங்கில் பூத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்

எங்கள் மாவட்டத்தின் வன, வேளாண் அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நான் எழுந்து பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். மூங்கில் பூத்தது, எலி பெருகியது, விதை நெல் போனது என்று சொன்னேன். "மூங்கில் பூத்ததுக்கும் எலிக்கும் என்னங்க சம்பந்தம்? அதெல்லாம் ஊர்ப்பேச்சு" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அதோடு அடுத்த மனுவைக் கையில் எடுத்துவிட்டார்கள். அன்று சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

முள்மூங்கில் நாற்பது ஆண்டுக்கு மேல் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, புதரோடு காய்ந்து போகும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசி பங்குனியில் எங்கள் ஓடைக்கரையில் மூங்கில் அரிசி, அதாவது மூங்கிலின் விதை, கொட்டியது. பெண்கள் புதரடியைக் கூட்டிப் பெருக்கி, முறத்தில் புடைத்து மூட்டை கட்டினார்கள். நாலு காசு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அள்ளியது கொஞ்சம், காட்டுக்குள் கிடந்தது மலையளவு. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். ஈற்றுக்கு ஆறேழு குட்டி. அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் தாங்களே குட்டி போடும். தீனி குறையாத வரை எலி காட்டிலேயே கிடந்தது. வைகாசிக் கடைசியில் மழை விழுந்ததும் மிச்ச அரிசி முளைத்துவிட்டது. அப்புறம் அத்தனை எலியும் எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அறுபது சென்ட் வயல். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். மாமியார் காலத்திலிருந்து விடாமல் கந்தகசாலை என்கிற வாசனை நெல் போடுகிறார். நாற்று விட விதையை ஊறப்போடுவதற்காக, மழை பிடித்த மூன்றாம் நாள் பத்தாயத்தைத் திறந்தார். மூடி பத்திரமாக இருந்தது. உள்ளே நெல்லும் தை மாதம் கொட்டி வைத்த மட்டத்துக்கே இருந்தது. கையை விட்டு அள்ளினால் கனமே இல்லை. அத்தனையும் உமி. பின்பக்க அடிப்பலகையில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒவ்வொரு நெல்லாக உரித்து, அரிசியைத் தின்றுவிட்டு, உமியை அப்படியே விட்டிருக்கிறது. அக்கா அழவில்லை. முறத்தை எடுத்து வந்து, முழு நெல் ஏதாவது தேறுமா என்று சாயங்காலம் வரை புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு படி தேறியது.

அந்த விதை கடையில் கிடைக்காது. யானை மிதித்த வாழைக்கு மனு கொடுக்கலாம், எலி தின்ற விதைக்கு எந்த மனுவும் கிடையாது என்றார்கள். ஒரு பொட்டலம் எலி மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். குழந்தையும் கோழியும் நடமாடும் வீட்டில் அதை எங்கே வைப்பது?

நான் கேட்பது ஒன்றுதான். மூங்கில் பூக்கத் தொடங்கினால் எங்களுக்குச் சொல்லுங்கள். காட்டில் ரோந்து போகிற வனக்காவலர் கண்ணுக்கு அது எங்களுக்கு முன்பே படும். பூ எடுத்ததிலிருந்து அரிசி கொட்டி, அது தீரும் வரைக்கும் மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. முன்கூட்டித் தெரிந்தால் விதை நெல்லைத் தகர டிரம்மில் மாற்றியிருப்போம். ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் எலிக்கிட்டி வைத்திருப்போம். ஒருவர் மட்டும் வைத்தால் எலி அடுத்த வயலுக்குப் போகும், அவ்வளவுதான்.

ஊர்ப்பேச்சு என்றீர்கள். மிசோரம் மலைகளில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒரு முறை மூங்கில் பூத்து எலிப் பஞ்சம் வருவதை 'மௌதாம்' என்பார்கள். 1958இல் அங்கே மூங்கில் பூக்கத் தொடங்கியதும், பஞ்சம் வரும் என்று சொல்லி மிசோ மாவட்டக் கவுன்சில் அன்றைய அசாம் அரசிடம் 15 லட்சம் ரூபாய் கேட்டது. மூங்கில் பூப்பதை வைத்துப் பஞ்சத்தைக் கணிப்பது அறிவியல் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 1959இல் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகக் கூடிய அமைப்பு 1961இல் அரசியல் கட்சியானது, 1966இல் ஆயுதம் எடுத்தது. அமைதி ஒப்பந்தம் வர 1986 ஆயிற்று. அடுத்த முறை, 2006இல் தொடங்கிப் பூத்தபோது, முன்னதாகவே திட்டம் போட்டார்கள், எலியைக் கொன்று வாலைக் கொண்டுவந்தவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். அப்போதும் பயிர் போனது, ஆனால் அரசு அதை ஊர்ப்பேச்சு என்று தள்ளவில்லை.

இங்கே அந்த அளவுக்கு வராது. அங்கே மலை முழுக்க ஒரே மூங்கில். இங்கே ரேஷன் அரிசி இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டோம். ஆனால் 1958இல் அவர்களுக்குக் கிடைத்த அதே பதில்தான் எனக்கும் கிடைத்தது. அதுதான் மனதை உறுத்துகிறது.

புலியை எண்ணுகிறீர்கள், யானையை எண்ணுகிறீர்கள். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. செத்துக் காய்ந்து நிற்கிற மூங்கிலை யார் எண்ணுகிறார்கள்? கோடையில் தீப்பொறி பட்டால் அது என்ன ஆகும்? யானைக்குத் தீனியாக இருந்த மூங்கில் போன இடத்தில் உண்ணிச்செடி ஏறிவிட்டது. யானை எங்கள் வாழைக்கு வருகிறது. வந்தபின் நாங்கள்தான் காட்டை ஆக்கிரமித்தவர்கள் என்று பேச்சு கேட்கிறோம். சரி, அதைத் தனியாகப் பேசலாம்.

ஓடைக்கு அக்கரையில், போன தடவை பூக்காத புதர்களில் இந்த மாதம் பூ எடுத்திருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன், கொத்தை ஒடித்து வீட்டில் வைத்திருக்கிறேன். அரிசி கொட்டுவதற்கு முன்னால் உங்கள் இரண்டு துறையிலிருந்தும் ஒருவரை அனுப்பிவையுங்கள். நான் கூட்டிப் போய்க் காட்டுகிறேன். பார்த்தபின் அக்கரை ஊர்களுக்கு ஒரு தாளில் எழுதி, பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தகர டிரம்முக்கு மானியம் கொடுக்க வழி இருந்தால் அதையும் அன்புகூர்ந்து பாருங்கள்.

அந்த இரண்டு படி நெல்லில் அக்கா கால் வயல்தான் நட்டார். அதில் விளைந்த விதை இப்போது எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கில், உத்தரத்தில் தொங்குகிறது.

பணிவுடன்,
ஓடைக்கரை விவசாயி